ரத்தக் குழாய்கள் எப்படி விரிகின்றன, எதற்காக விரிகின்றன?

நீங்கள் கேட்டவை மூன்று. ரத்தக் குழாயை விரிப்பது எது? எதற்காக விரிகிறது? ரத்த அழுத்தத்துக்காக அப்பா சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை குழாயை விரிக்கும் என்கிறார்கள், அதைத் தொடங்கியதிலிருந்து சாயங்காலம் ஆனால் அவருடைய கணுக்கால் வீங்குகிறதே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா? மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் முதல் இரண்டும் புரிந்துவிட்டால் அது தானாகவே விளங்கிவிடும்.

ரத்தக் குழாயின் சுவரில் மென்தசை வளையம் வளையமாகச் சுற்றியிருக்கிறது. இந்தத் தசையால் செய்ய முடிந்த வேலை ஒன்றுதான், இறுக்குவது. விரிப்பதற்கென்று வேறு தசை எதுவும் குழாயில் கிடையாது. தசை தன் பிடியைத் தளர்த்தியதும், உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தமே சுவரை வெளியே தள்ளிக் குழாயை அகலமாக்குகிறது. அதனால் 'எது விரிக்கிறது' என்று கேட்பதைவிட 'எது பிடியைத் தளரவைக்கிறது' என்று கேட்டால் விடை தேடுவது எளிது.

பிடி தளர வேண்டுமானால் முதலில் பிடி இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இந்தத் தசை ஓரளவு இறுக்கத்திலேயே இருக்கும். நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் 'இறுக்கு, இறுக்கு' என்று ஓயாமல் மெல்லிய கட்டளை அனுப்பிக்கொண்டே இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1851-ல் பிரான்சைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட், ஒரு முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை ஒரு பக்கம் மட்டும் அறுத்தார். நரம்பு போனால் அந்தப் பக்கம் குளிர்ந்துவிடும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடானது. அடுத்த ஆண்டே பிரவுன்-செகார் என்ற இன்னொருவர் அறுபட்ட நரம்பின் நுனிக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார். காது வெளிறிக் குளிர்ந்தது. நரம்பின் கட்டளை நின்றாலே குழாய் விரிந்துவிடும் என்பது அப்போதே தெரிந்துபோனது. இன்றும் உடம்பின் பெரும்பாலான குழாய்களை மூளை விரிக்கும் விதம் இதுதான். 'விரி' என்று புதிதாகச் சொல்வதில்லை, 'இறுக்கு' என்று சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது.

இந்த இறுக்கலும் தளர்த்தலும் எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரில் ரப்பர் போல இழுபடும் நார்களே அதிகம். திசுக்களுக்குள் ஓடும் மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான், அதில் தசை வளையமே இல்லை. தமனிக்கும் தந்துகிக்கும் நடுவில் இருக்கும் நுண்தமனிகள்தாம் உண்மையான குழாய்த் திருகுகள். அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறிய அகலத்தோடு ஒப்பிட்டால் சுவரின் தசை கனமாக இருக்கும். எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

இவ்வளவு சின்னக் குழாய் கொஞ்சம் விரிந்தால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும் என்று தோன்றலாம். 1840-களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அழுத்தம் மாறாமல் இருந்தால், குழாயில் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. இருபது சதவீதம் விரிந்தாலே ஓட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ரத்தம் தண்ணீர் அல்ல, குழாயும் கண்ணாடி அல்ல, அதனால் உடம்புக்குள் கணக்கு இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் அடிப்படை இதுதான். இதயத் துடிப்பைப் பதினாறு மடங்கு கூட்ட யாராலும் முடியாது, ஒரு நுண்தமனியின் தசை சற்றே தளர்வதோ மிக எளிது. உடம்பு இந்த வழியைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

சரி, தளர்த்தச் சொல்வது யார்? நரம்பைப் பார்த்துவிட்டோம். அதைவிட எனக்குப் பிடித்தது, ரத்தம் தேவைப்படும் திசுவே நேரடியாகச் சொல்லிக்கொள்ளும் முறை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்களே, அப்படியே. ஓடும்போது தொடைத் தசை வேகமாக வேலை செய்கிறது. ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் டைஆக்சைடு, அமிலம், பொட்டாசியம், அடினோசின் எல்லாம் செல்களிலிருந்து வெளியேறிச் சுற்றியுள்ள திரவத்தில் கலக்கின்றன. இவை பக்கத்தில் இருக்கும் நுண்தமனியின் தசையைத் தளர்த்துகின்றன. ரத்தம் பாய்ந்து வருகிறது, கழிவை அடித்துச் செல்கிறது, தளர்த்திய பொருள்கள் குறைந்ததும் குழாய் பழைய அளவுக்குத் திரும்புகிறது. மூளையின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கிச் சில நிமிடம் வைத்திருந்து விட்டால், அவிழ்த்ததும் உள்ளங்கை சிவந்து சூடாவதைக் கவனித்தால் இது தெரியும். அந்தச் சில நிமிடப் பட்டினிக்குச் சேர்த்துவைத்துக் கை ரத்தம் வாங்கிக்கொள்கிறது.

மூளையின் குழாய்கள் கார்பன் டைஆக்சைடுக்கு மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும். பதற்றத்தில் ஒருவர் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்திலிருந்து கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். மூளைக் குழாய்கள் சுருங்கிவிடும். தலை சுற்றுவதற்கு இது முக்கியக் காரணம். மூச்சை நிறையத்தான் விடுகிறார், ஆக்சிஜனுக்குக் குறைவில்லை, ஆனாலும் மூளைக்கு ரத்தம் குறைகிறது. இதைப் புரிந்துகொண்டால், அந்த நிலையில் இருப்பவரிடம் ஏன் மெதுவாக மூச்சு விடச் சொல்கிறோம் என்பதும் புரியும்.

நுரையீரல் மட்டும் இதில் எதிர்த்திசையில் போகும். உடம்பின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய் விரிகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய் சுருங்குகிறது. 1946-ல் ஸ்வீடனில் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் இதைக் காட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தசை ஆக்சிஜனைச் செலவழிக்கும் இடம், குறைந்தால் இன்னும் ரத்தம் வேண்டும். நுரையீரல் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும் இடம், காற்று வராத மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? ஒரு மூலையில் மட்டும் காற்றுக் குறைந்தால் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். மிக உயரமான மலைக்குப் போனால் நுரையீரல் முழுவதும் ஆக்சிஜன் குறைகிறது, எல்லாக் குழாயும் சேர்ந்து இறுகுகின்றன, இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை ஏறுகிறது. சிலருக்கு அங்கே நுரையீரலில் நீர் கோப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதுவே.

இனி, இந்தத் துறையிலேயே மிக அழகான கண்டுபிடிப்புக்கு வருகிறேன்.

அசெட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள உடம்பில் செலுத்தினால் குழாய்கள் விரியும். இது பல காலமாகத் தெரிந்த செய்தி. ஆனால் முயலின் பெருந்தமனியை வெட்டியெடுத்து, பட்டையாக அறுத்து, ஆய்வகத்தில் தொங்கவிட்டு அதே பொருளைப் போட்டால் அது சுருங்கியது. பின்னாளில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆராய்ச்சி செய்த ராபர்ட் ஃபர்ச்காட் 1950-களிலேயே இதைப் பதிவு செய்திருந்தார். ஏன் இந்த முரண்பாடு என்று இருபத்தைந்து ஆண்டுகளாக யாருக்கும் விளங்கவில்லை. 1978-ல் அவருடைய ஆய்வகத்தில் ஒரு சோதனையின் படிகள் முன்பின்னாக மாறிவிட்டன. சுருங்க வேண்டிய தமனித் துண்டு தளர்ந்தது. இதைத் தவறு என்று ஒதுக்கிவிடாமல், இந்த முறை என்ன மாறியது என்று ஃபர்ச்காட் தேடினார். அதற்காகவே அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மாறியது துண்டின் வடிவம். முன்பெல்லாம் தமனியைச் சுருள் பட்டையாக வெட்டுவார்கள். அப்படி வெட்டும்போது உட்பக்கம் எங்கேயாவது உரசி, மிக மெல்லிய உட்படலம் உரிந்துவிடும். இந்த முறை வளையமாக வெட்டியிருந்தார்கள், உட்படலம் அப்படியே தப்பியிருந்தது. எண்டோதீலியம் என்று பெயருள்ள அந்தப் படலம் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. அதுவரை பலர் அதை வெறும் வழவழப்பான உள்பூச்சு என்றே எண்ணியிருந்தார்கள். பிறகு ஃபர்ச்காட் உட்படலம் உரிந்த ஒரு துண்டையும் உட்படலம் உள்ள ஒரு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவைத்து அசெட்டைல்கோலின் போட்டார். உரிந்த துண்டும் தளர்ந்தது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து பக்கத்துத் தசைக்குப் போகிறது என்று அர்த்தம். 1980-ல் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். அந்தப் பொருளைப் பிடிக்க முடியவில்லை, சில நொடிகளில் மறைந்துவிட்டது. 1986-ல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாக, அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். 1987-ல் சால்வடார் மொன்காடாவின் குழு அளந்தே காட்டியது.

ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். வாகனப் புகையிலும் இருக்கும் இந்த வாயுவை உடம்பு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்து, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சேதியாக அனுப்புகிறது. தசைச் செல்லுக்குள் நுழைந்ததும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளை அது உருவாக்க வைக்கிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் கால்சியம் குறைகிறது. தசை இறுகுவதற்குக் கால்சியம் வேண்டும், அது குறைந்தால் பிடி தளரும். இந்தக் கால்சியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் மாத்திரைக்கு வரும்போது தேவைப்படும்.

எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட அசெட்டைல்கோலின்தான் வர வேண்டும் என்பதில்லை. ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவதே போதும். ஓட்டம் வேகமானால் உரசல் கூடும், படலம் அதை உணர்ந்து வாயுவை விடும், குழாய் விரியும். நாள்தோறும் நடப்பவர்கள், ஓடுபவர்களின் குழாய்கள் நன்றாகத் தளர்ந்து கொடுப்பதற்கு இந்த உரசல் ஒரு காரணம். திரும்பத் திரும்ப உரசல் கிடைக்கும்போது படலம் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியையும் அதிகப்படுத்திக்கொள்கிறது. புகைபிடித்தல், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை முதலில் கைவைப்பது இந்தப் படலத்தின் மேல்தான். தமனியில் கொழுப்புத் திட்டு கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு காலம் முன்பே, அது விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரியாமல் போகத் தொடங்கியிருக்கும்.

இதில் இன்னொரு பழைய கதையும் வந்து சேர்கிறது. வெடிமருந்தான நைட்ரோகிளிசரினை 1847-ல் இத்தாலியின் சொப்ரேரோ முதலில் தயாரித்தபோது, நாக்கில் துளி வைத்துப் பார்த்தாலே தலைவலி வருவதைக் கவனித்தார். தலையில் குழாய்கள் விரிந்ததால் வந்த வலி அது. 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் முரெல் அதையே மிகச் சிறிய அளவில் இதய நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டார். நைட்ரோகிளிசரினை டைனமைட்டாக்கிச் செல்வந்தரான ஆல்ஃபிரட் நோபலுக்கே முதுமையில் இதய நோய்க்கு மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நூற்றாண்டுக் காலம் யாருக்கும் தெரியாது. உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது என்பதை 1977-ல் ஃபெரிட் முராட் கண்டறிந்தார். 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, நோபலுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட பொருளின் ரகசியத்தை விளக்கியவர்களுக்கு அவர் பெயரிலேயே பரிசு.

அப்புறம், 'எதற்காக' என்ற கேள்வி. ஒரே வரியில் சொன்னால், பங்கிடுவதற்காக. பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தம் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அதே 5 லிட்டரைத்தான் சுற்றிவிடுகிறது. அதில் தசைகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. கடுமையாக ஓடும்போது இதயம் 20, 25 லிட்டர் அனுப்பும், அதில் ஐந்தில் நான்கு பங்கு வரை தசைக்கே போகும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களை இறுக்கி, தசைக் குழாய்களைத் திறந்துவிட்டுத்தான் இது முடிகிறது. வெயிலில் தோலின் குழாய்கள் விரிவது வேறு காரணத்துக்காக. தோலுக்கு அவ்வளவு சாப்பாடு தேவையில்லை. உள்சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்ட ரத்தம்தான் வாகனம். ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குப் போகும் ரத்தம், கடும் வெப்பத்தில் 6 லிட்டர், அதற்கு மேலும் போகலாம். வெயிலில் ஓடுவது ஏன் அவ்வளவு சீக்கிரம் களைப்படைய வைக்கிறது? தசையும் தோலும் ஒரே ரத்தத்துக்குப் போட்டி போடுகின்றன.

மது குடித்தால் உடம்பு கதகதப்பாவதும் தோல் குழாய் விரிவதால்தான். சூடு தோலுக்கு வருவதால் இதமாகத் தெரிகிறது, உண்மையில் அது வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கடுங்குளிரில் சிக்கியவருக்கு மது கொடுப்பது ஆபத்து.

'விரிவது நல்லதுதானே' என்று பலர் நினைக்கிறார்கள். 'ரத்தக் குழாயை விரிக்கும்' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொருள்களும் உண்டு. ஆனால் உடம்பின் தசைக் குழாய்கள் மட்டும் முழுதாக ஒரே நேரத்தில் திறந்தாலே போதும், அவற்றை நிரப்பும் அளவுக்கு இதயத்தால் ரத்தம் அனுப்ப முடியாது. எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்தால் அழுத்தம் விழுந்துவிடும், மூளைக்கு ரத்தம் ஏறாது. ரத்தத்தைப் பார்த்தவுடன் சிலர் மயங்கி விழுவது இதன் சிறு வடிவம். குழாய்கள் திடீரெனத் தளர்கின்றன, துடிப்பும் குறைகிறது. அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். தூக்கி உட்காரவைக்கக் கூடாது. கடுமையான ஒவ்வாமையில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெள்ளமாகக் கொட்டிக் குழாய்களை விரித்து, கசியவும் வைக்கும், அங்கே உயிரைக் காப்பது உடனே போடும் அட்ரினலின் ஊசி. தொற்று ரத்தத்தில் பரவும் செப்சிஸில், நான் மேலே புகழ்ந்த அதே நைட்ரிக் ஆக்சைடு கட்டுமீறிச் சுரந்து அழுத்தத்தை விழவைக்கும்.

நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள், ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான். நைட்ரேட், சைக்ளிக் ஜிஎம்பியை உண்டாக்க வைக்கிறது. சில்டெனாஃபில், அது சிதையாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கூச்சத்தால் மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

விரிவு என்றதும் குழம்பக்கூடிய இன்னொன்று. பெருந்தமனியில் வரும் புடைப்பும் காலில் நெளியும் சிரைகளும் நாம் இதுவரை பேசிய விரிவு அல்ல. அங்கே சுவரோ வால்வோ பழுதாகிவிட்டது. தசை மறுபடி இறுகினால் சரியாகிவிடும் விஷயமில்லை.

இப்போது அப்பாவின் கணுக்கால். கால்சியத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். அம்லோடிபின் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயிலை அடைக்கிறது. நுண்தமனிகள் தளர்கின்றன, தடை குறைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் அது தளர்த்துவது பெரும்பாலும் தந்துகிக்கு முன்னால் உள்ள குழாயை. தந்துகிக்குப் பின்னால் உள்ள சிறு சிரைகள் அந்த அளவுக்குத் தளர்வதில்லை. வரும் வழி அகலமாகி, போகும் வழி அப்படியே இருந்தால் நடுவில் அழுத்தம் ஏறும். தந்துகியின் ஒரே செல் சுவர் வழியாக நீர் வெளியே கசியும். நின்றும் உட்கார்ந்தும் இருந்த பகல் முழுவதும் புவியீர்ப்பு அதைக் கணுக்காலில் சேர்க்கும், அதனால்தான் சாயங்காலம் வீக்கம் தெரிகிறது. இரவு படுத்தால் வடியும்.

உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. மருத்துவர்கள் வழக்கமாக அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், அல்லது ஏசிஇ தடுப்பான் போன்ற இன்னொரு வகை ரத்த அழுத்த மருந்தைச் சேர்ப்பார்கள். அது தந்துகிக்குப் பின்னால் உள்ள வழியையும் திறந்துவிடுவதால் வீக்கம் குறைவதுண்டு. ஆனால் கணுக்கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்த காரணங்களும் இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே காட்ட வேண்டும். இரண்டு காலும் சமமாக வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் மாத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கினார், வீக்கம் எப்போது முதலில் தெரிந்தது, காலையில் வடிகிறதா என்று ஒரு தாளில் குறித்து அடுத்த முறை போகும்போது எடுத்துப்போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.